சம்பளம் ஒன்று, வர்க்கம் வேறு

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். "எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கிறது. யாரும் படிக்கலாம், எந்த வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். பிரபுக்களும் அடிமைகளும் இருந்த காலம் மலையேறிவிட்டது. இன்னும் வர்க்கம், ஏற்றத்தாழ்வு என்று பேசுவது பழைய பஞ்சாங்கம்தானே? உழைக்கிறவர் முன்னேறுகிறார், மற்றவர் பின்தங்குகிறார். அப்படியே வர்க்கம் என்று ஒன்று இருந்தாலும், நான் எதில் இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

இதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். 1990-ல் உலக மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் கொடிய வறுமையில் இருந்தார்கள். 2019-ல் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. பெரிய விஷயம் இது. இதைச் சொல்லாமல் உலகமே நாசமாய்ப் போகிறது என்று ஆரம்பிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ஆனால் வறுமை குறைந்ததாலேயே இடைவெளி குறைந்துவிட்டதாக ஆகாது. வர்க்கம் என்பது இவை இரண்டையும் தொட்டுக்கொண்டு நிற்கும் மூன்றாவது சங்கதி. மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் குலுக்குவதால்தான் பாதி விவாதங்கள் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

ஒரு பல்வலியிலிருந்து தொடங்குகிறேன்.

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் இரண்டு பேர் ஒரே நாளில் சேர்ந்தார்கள். ஒரே படிப்பு, ஒரே சம்பளம், பக்கத்துப் பக்கத்து மேஜை. ஒருவர் பெற்றோருடன் சொந்த வீட்டில் இருந்தார். வாடகை கிடையாது, வாங்குகிற சம்பளம் அவருக்கே. மற்றவர் சம்பளத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்புவார், மீதியில் கல்விக் கடன் தவணையும் வாடகையும். சொல்லிவைத்தாற்போல் முதல் வருடத்திலேயே இரண்டு பேருக்கும் பல் வலி வந்தது. முதலாமவர் மதியமே டாக்டரிடம் போய்ச் சொத்தையை அடைத்துக்கொண்டு வந்து வேலையைத் தொடர்ந்தார். இரண்டாமவர் வலி மாத்திரை போட்டுக்கொண்டு, சம்பளம் வரட்டும் என்றார். சம்பளம் வந்தது, வந்த வழியே போனது. ஏழெட்டு மாதம் கழித்து முகம் வீங்கியபோது, வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முதலிலேயே அடைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடப் பல மடங்கு. பிடுங்குவதுதான் மலிவு. பிடுங்கிக்கொண்டார். அது முன்பக்கப் பல்.

அதிலிருந்து அவர் பேசும்போதெல்லாம் கை தானாக வாய்க்குப் போகும். இரண்டு வருடம் கழித்துப் பதவி உயர்வுக்கு நேர்காணல் நடந்தது. மூன்று பேர் குழுவில் நானும் ஒருவன். மதிப்பெண் தாளில் 'தன்னம்பிக்கை' என்று ஒரு கட்டம், பத்துக்கு இத்தனை என்று போட வேண்டும். முதலாமவர் நாற்காலியை வசதியாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். எங்களில் ஒருவர் சொன்னதைச் சிரித்துக்கொண்டே மறுத்தார். 8, 9 என்று விழுந்தது. இரண்டாமவர் நாற்காலி நுனியில், கை வாயருகே. வேலை விஷயத்தில் அவருடைய பதில்கள்தான் கச்சிதம். ஆனாலும் அந்தக் கட்டத்தில் 5, 6. அந்தக் கை ஏன் அங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நானும் 6-தான் போட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எந்த வருமானக் கணக்கெடுப்பிலும் இவர்கள் இருவரும் ஒரே கட்டத்தில்தான் இருந்திருப்பார்கள். இருவர் கையிலும் ஒரே மாதிரி போன். வித்தியாசம் கால் தடுக்கியபோதுதான் தெரிந்தது. ஒருவர் விழுந்தால் கீழே மெத்தை, மற்றவர் விழுந்தால் வெறும் தரை. வர்க்கம் என்று நான் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஒரு சின்னத் தப்போ சின்ன விபத்தோ உங்களிடமிருந்து எவ்வளவு பிடுங்கிக்கொண்டு போகிறது என்பதைத்தான்.

அறிஞர்கள் இதை வேறு வேறு வழியில் வரையறுத்திருக்கிறார்கள். நிலமும் ஆலையும் யாருடையது, உழைப்பை விற்றுப் பிழைப்பவர் யார் என்று பார்த்தார் மார்க்ஸ். வர்க்கம் என்றால் என்ன என்று முறைப்படி விளக்க அவர் எழுதத் தொடங்கிய அத்தியாயம் சில பத்திகளிலேயே நின்றுபோய்விட்டது. நூறு வருடத்துக்கும் மேலாக அந்த வெற்றிடத்தை நிரப்ப ஆளாளுக்குச் சண்டை போடுகிறார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஜெர்மன் சமூகவியலாளர் மேக்ஸ் வெபர் பணத்தையும் மதிப்பையும் தனித்தனியாகப் பிரித்தார். கையில் காசில்லாத பிரபுவும் உண்டு, காசிருந்தும் யாரும் மதிக்காத வியாபாரியும் உண்டு. பிரான்சில் ஒரு தபால் ஊழியரின் மகனாகக் கிராமப்புறத்தில் பிறந்த பியர் பூர்தியூ இன்னும் உள்ளே போனார். பேச்சு, ரசனை, உட்காரும் விதம், எந்த இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்ற பழக்கம், இவையும் வீட்டிலிருந்து வரும் சொத்துதான் என்றார். பண்பாட்டு மூலதனம் என்று அதற்குப் பெயர். இதில் விஷமம் என்னவென்றால், இந்தச் சொத்து சொத்தாகவே தெரியாது. ஆளுமை, திறமை, நாகரிகம் என்ற பெயரில்தான் தெரியும். எங்கள் மதிப்பெண் தாளில் 'தன்னம்பிக்கை' என்ற கட்டம் அளந்தது அதைத்தான். வீட்டில் பெரியவர்களிடம் எதிர்த்துக் கேள்வி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு மேலதிகாரியும் இன்னொரு பெரியவர், அவ்வளவுதான். அடங்கிப் பேசுவதுதான் பாதுகாப்பு என்று கற்ற பிள்ளைக்கு அப்படி இல்லை.

சரி, யாரும் வேண்டுமென்று யாரையும் ஒதுக்கவில்லையே, அப்புறம் எங்கிருந்து வருகிறது இந்த வித்தியாசம் என்று கேட்கலாம். டைட்டானிக் கப்பலைப் பாருங்கள். 1912 ஏப்ரலில் அது மூழ்கியபோது முதல் வகுப்புப் பயணிகளில் சுமார் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்பில் சுமார் 25 சதவீதம். மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கு இறந்துபோனார்கள். மூன்றாம் வகுப்பினரை வேண்டுமென்றே பாரபட்சமாக நடத்தவில்லை என்றுதான் பிரிட்டிஷ் விசாரணை முடிவு சொன்னது. ஒரு பேச்சுக்கு அதை அப்படியே ஏற்றுக்கொள்வோம். அவர்களைச் சாக விடுங்கள் என்று யாரும் உத்தரவு போடவில்லை. உயிர்காப்புப் படகுகள் மேல்தளத்தில் இருந்தன, முதல் வகுப்பு அறைகள் அதற்குப் பக்கத்தில் இருந்தன, மூன்றாம் வகுப்பு கீழே, சுற்றி வளைத்துப் போகும் வழிகளுக்கு அப்பால். கப்பல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த நாட்களில் இந்த அமைப்பு சாப்பாட்டிலும் மெத்தையிலும் மட்டும்தான் வித்தியாசம் காட்டியது. பனிப்பாறையில் மோதிய பிறகுதான் அறை எங்கே இருக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினையானது. கெட்ட எண்ணம் கொண்ட ஆளைத் தேடுகிறவர்கள் இதில் ஏமாந்துதான் போவார்கள்.

தற்செயலாக, அதே 1912-ல்தான் கொராடோ ஜினி என்ற இத்தாலியப் புள்ளியியலாளர் ஏற்றத்தாழ்வை ஒரே எண்ணில் அடக்கும் அளவுகோலைக் கொடுத்தார். எல்லோருக்கும் சமமாக இருந்தால் 0, எல்லாம் ஒருவரிடமே இருந்தால் 1. தென்னாப்பிரிக்காவின் வருமான ஜினி 0.6-க்கு மேல், வட ஐரோப்பிய நாடுகளில் 0.3-க்கு அக்கம்பக்கம். பயனுள்ள எண்தான், ஆனால் என் பல்வலிக் கதையை இது பிடிக்காது. காரணம், பெரும்பாலும் அளக்கப்படுவது வருமானம். மெத்தையாக இருப்பதோ சொத்து. சொத்தைப் பார்த்தால் படமே மாறிவிடும். 2021 கணக்குப்படி உலக வருமானத்தில் மேல்தட்டு 10 சதவீதத்தினருக்குப் போவது சுமார் 52 சதவீதம், கீழ்ப்பாதி மக்களுக்கு 8.5 சதவீதம். சொத்தில் அந்த மேல் 10 சதவீதத்தினர் வைத்திருப்பது 76 சதவீதம். கீழ்ப்பாதியில் இருக்கும் மனிதகுலத்தின் சரிபாதி வைத்திருப்பது 2 சதவீதம். இது உலகம் முழுவதையும் சேர்த்த கணக்கு, எந்த நாட்டில் பிறந்தோம் என்பதும் இதில் கலந்திருக்கிறது. ஆனால் தனித்தனி நாடாகப் பிரித்தாலும் வருமானத்தைவிடச் சொத்தில்தான் சாய்வு அதிகம்.

ஏன் இப்படி என்பதற்குப் பெரிய சதி ஒன்றும் தேவையில்லை, வட்டிக் கணக்கே போதும். ஆண்டுக்கு 7 சதவீதம் வளரும் சொத்து 10 ஆண்டில் இரட்டிப்பாகும். ஆண்டுக்கு 2 சதவீதம் உயரும் சம்பளம் இரட்டிப்பாக 35 ஆண்டு வேண்டும், அதாவது ஒரு மனிதரின் வேலைக்காலம் முழுவதும். அந்தக் காலத்தில் சொத்து 10 மடங்கைத் தாண்டியிருக்கும். சொத்துக்காரர் சோம்பேறியா உழைப்பாளியா என்ற கேள்வியே இந்தக் கணக்கில் வராது. சம்பளத்திலேயே கூட இடைவெளி விரிந்திருக்கிறது. அமெரிக்கப் பெருநிறுவனத் தலைவர் ஒருவர் 1965-ல் சாதாரணத் தொழிலாளியைப் போலச் சுமார் 20 மடங்கு வாங்கினார், அண்மை ஆண்டுகளில் அது 250 மடங்குக்கும் மேலே. தலைவர்கள் இந்த அறுபது வருடத்தில் 12 மடங்கு கெட்டிக்காரர்களாகிவிட்டார்களா? தொழிற்சங்கங்கள் மெலிந்தன, சம்பளத்தோடு பங்குகளும் சேர்ந்தன, 1950-களில் 91 சதவீதமாக இருந்த உச்ச வருமான வரி விகிதம் இன்று 37 சதவீதம். எல்லாம் சேர்ந்துதான் இந்த விளைவு.

இனி 'உழைத்தால் முன்னேறலாம்' என்ற பகுதி. முன்னேறுகிறவர்கள் இருக்கிறார்கள், நிச்சயமாக. ஆனால் எத்தனை பேர், எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1940-ல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980-களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். பெரும்பாலும் பணக்கார நாடுகள் சேர்ந்த ஓஇசிடி அமைப்பு 2018-ல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. அடித்தட்டு வருமானக் குடும்பத்தின் வழித்தோன்றல்கள் நாட்டின் சராசரி வருமானத்தை எட்ட, அதன் உறுப்பு நாடுகளில் சராசரியாக நான்கைந்து தலைமுறை ஆகும். டென்மார்க்கில் இரண்டு, கொலம்பியாவில் பதினொன்று. பதினொரு தலைமுறை என்றால் முந்நூறு வருடம். எந்த உழைப்பாளியிடம் போய் இதைச் சொல்வது?

இன்னும் நீளமான கணக்கு ஒன்று ஃபிளாரன்ஸ் நகரத்தில் கிடைத்தது. அங்கே 1427-ல் எடுத்த வரிப் பதிவேடு அப்படியே இருக்கிறது. இத்தாலியப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் அதிலிருந்த குடும்பப் பெயர்களை 2011-ன் வரிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். அன்று உச்சியில் இருந்த குடும்பப் பெயர்களே இன்றும் உச்சியில் நிற்கும் போக்கு தெளிவாகத் தெரிந்தது. நடுவில் ஏறக்குறைய 600 ஆண்டுகள், படையெடுப்புகள், ஆட்சி மாற்றங்கள், தொழிற்புரட்சி, இரண்டு உலகப் போர். தாத்தாவின் தாத்தா யாரென்றே தெரியாதவர்கள் வாழும் காலத்தில், பெயரோடு ஏதோ ஒன்று கைமாறிக்கொண்டே வந்திருக்கிறது.

தகுதி என்ற வாதத்தையும் தொட்டுவிடலாம். தகுதி உள்ளவர் ஆளும் சமூகம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'மெரிட்டாக்ரசி' என்பார்கள். 1958-ல் அந்தச் சொல்லைப் பிரபலமாக்கிய பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக்கேல் யங், அதைக் கிண்டலாகத்தான் எழுதினார். மேலே இருப்பவர்கள் தங்கள் வெற்றிக்குத் தாங்களே காரணம் என்று கர்வப்படுவார்கள், கீழே இருப்பவர்களுக்குத் தங்களையே நொந்துகொள்வதைத் தவிர வேறு வழியிருக்காது என்பது அவருடைய எச்சரிக்கை. உலகம் அதைப் பாராட்டுச் சொல்லாக எடுத்துக்கொண்டது. அவர் கடைசிவரை அதற்காக வருத்தப்பட்டார். எனக்குத் தகுதித் தேர்வுகள் மீது விரோதம் இல்லை. அறுவை சிகிச்சை செய்யத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். ஆனால் ஒரு தேர்வு அளப்பது இன்றைய திறனை மட்டுமே. அந்தத் திறன் எவ்வளவு செலவில், எத்தனை முறை தோற்க அனுமதிக்கப்பட்டு வந்தது என்பது விடைத்தாளில் இருக்காது. மூன்று முறை தோற்று நான்காம் முறை வென்றதை நாம் விடாமுயற்சி என்று புகழ்கிறோம். அந்த மூன்று வருடமும் சோறு போட்டது யார் என்பதையும் கூடவே கேட்கலாம்.

"சரி, பணத்தில் வித்தியாசம் இருந்துவிட்டுப் போகட்டும், அடிப்படைத் தேவைகள் கிடைத்தால் போதாதா?" என்று அடுத்து வரும். இதற்கு எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த பதில் லண்டன் அரசு ஊழியர்களிடம் கிடைத்தது. 1967-ல் தொடங்கிய ஆய்வு அது. சுமார் 18,000 ஆண்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, எல்லோருக்கும் அரசின் இலவச மருத்துவம், யாரும் பட்டினி இல்லை. ஆனால் கடைநிலை ஊழியர்களிடையே இதய நோய் மரணம் உயர் அதிகாரிகளைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் வித்தியாசத்தின் ஒரு பகுதிக்குத்தான் விளக்கம் கிடைத்தது. முக்கியமான சங்கதி இன்னொன்று. பிளவு ஏழைக்கும் பணக்காரருக்கும் இடையே மட்டும் இல்லை. உச்சிக்கு ஒரு படி கீழே, நல்ல சம்பளத்தில் இருந்தவர்களுக்கும் உச்சியில் இருந்தவர்களைவிட ஆபத்து அதிகம். ஒவ்வொரு படிக்கும் இறங்க இறங்கக் கூடியது. தன் வேலையின் வேகத்தையும் வரிசையையும் தானே தீர்மானிக்க முடியாத நிலை உடம்பை அரிக்கிறது என்பது பின்னர் அதே ஊழியர்களிடையே நடந்த ஆய்வுகளிலிருந்து வந்த விளக்கங்களில் ஒன்று. கடிகாரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போகும் வேலையில் இருந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது.

இன்றைய செயலி வழி வேலைகளையும் இதே கண்ணால் பார்க்கலாம். எப்போது வேண்டுமானாலும் வேலை, நீங்களே முதலாளி என்பார்கள். வண்டி பழுதானால் செலவு உங்களுடையது, காய்ச்சல் வந்தால் அன்றைய வருமானம் போச்சு, யார் புகார் கொடுத்தார் என்றே தெரியாமல் கணக்கு முடங்கலாம். லாபம் ஒரு பக்கம் சேர்கிறது, தடுக்கி விழும் செலவு இன்னொரு பக்கம் தள்ளப்படுகிறது. இனம், நிறம், சாதி, பாலினம் என்று பிறப்பிலேயே ஒட்டிக்கொள்ளும் அடையாளங்கள் இந்தத் தள்ளலை எளிதாக்குகின்றன. சிலரை விழ வைக்கவும் செய்கின்றன. அது தனியாக எழுத வேண்டிய அளவு பெரிய விஷயம், இங்கே அதற்கு நியாயம் செய்ய முடியாது.

தீர்வு என்றதும் எல்லோரும் கல்வி என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். டென்மார்க் அந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது. அங்கே கல்வி இலவசம், வருமான ஏற்றமும் வேகம். ஆனால் பிள்ளைகள் எவ்வளவு படிக்கிறார்கள் என்பதில் பெற்றோரின் படிப்புக்கு அங்கேயும் கிட்டத்தட்ட அமெரிக்காவில் உள்ள அளவுக்கே செல்வாக்கு இருப்பதாக ஆய்வில் தெரியவந்தது. அப்படியானால் வேகம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஏணியின் படிகள் நெருக்கமாக இருப்பதிலிருந்து. கீழ்மட்டச் சம்பளம் அவ்வளவு கீழே இல்லை, வரியும் சலுகைகளும் மீதி இடைவெளியைச் சுருக்குகின்றன. இரண்டு படிக்கு நடுவே ஒரு அடி இருந்தால் குழந்தைகூட ஏறும், ஐந்தடி இருந்தால் பயில்வான்கள் மட்டும்தான் ஏறுவார்கள். அப்புறம் அந்தப் பயில்வான்களை மேடையேற்றிப் பேட்டி எடுப்போம்.

சுவீடன் இன்னொரு பாடம். வருமானத்தில் சமம் அதிகமுள்ள நாடு. ஆனால் தனியார் சொத்தில் ஏற்றத்தாழ்வு அங்கே மிக அதிகம். வாரிசு வரியை 2004-லும், ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்பின் மீதான வரியை 2007-லும் எடுத்தே விட்டார்கள். அப்படியிருந்தும் சாதாரண சுவீடன்காரருக்குக் கையில் பெரிய சேமிப்பு இல்லாதது பல நாடுகளில் இருப்பதைப் போல வயிற்றைக் கலக்குவதில்லை. மருத்துவமனைக்கும் பிள்ளை படிப்புக்கும் வேலை இழப்புக்கும் முதுமைக்கும் மெத்தையைப் பொதுவில் விரித்து வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் சமமாகச் சொத்தைப் பிரிப்பது நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இதைத்தான். சுவீடன்காரர்கள் அதற்கு வரி கட்டுகிறார்கள், நிறையவே கட்டுகிறார்கள், அதையும் மறைக்க வேண்டியதில்லை. இந்த ஏற்பாட்டின் பலவீனமும் எனக்குத் தெரிகிறது. தனக்கென்று தனி மெத்தை வைத்திருப்பவர்கள் பொது மெத்தைக்குக் காசு கொடுக்க எத்தனை காலம் சம்மதிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

கடைசியாக, நீங்கள் எந்த வர்க்கம் என்ற கேள்வி. சர்வே எடுக்கிறவர்கள் கேட்டால் நிறையப் பேர் நடுத்தரம் என்றுதான் சொல்வார்கள், பங்களாக்காரரும் சரி, ஒண்டுக்குடித்தனக்காரரும் சரி. எல்லோரும் தனக்கு மேலேயும் கீழேயும் நாலு பேரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள், அதனால் நடுவில் இருப்பதாகவே தோன்றும். சம்பளத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேடாதீர்கள். நாளைக்கே சம்பளம் நின்றால் யாரிடமும் கை நீட்டாமல் எத்தனை நாள் ஓட்டுவீர்கள் என்று ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். நள்ளிரவில் போலீஸோ ஆஸ்பத்திரியோ என்றால் போன் போட்டுப் பேச எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் சொன்னால் அங்கே யாராவது கேட்பார்களா என்று பாருங்கள். பிடிக்காத வேலையை விட்டுவிட்டு ஒரு வருடம் வேறொன்றை முயன்று தோற்றால், அதன் பிறகு இப்போது இருக்கும் வீட்டிலேயே இருப்பீர்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதை எழுதும் முன் முதல் கணக்கை எனக்கும் போட்டுப் பார்த்தேன். எட்டு மாதம் வந்தது. என் அப்பா வேலையில் இருந்த காலத்துக்கு, அவர் எழுதி வைத்திருந்த வரவுசெலவு நோட்டைப் பார்த்துப் போட்டேன். பதினொரு நாள்.